செருப்பு கேட்டு வந்த பிணமும் கோட்டு போட்ட பிரபுவும்

கேள்வி இதுதான்: வாம்பயர் படங்களில் பூண்டு, சிலுவை, கண்ணாடியில் உருவம் தெரியாதது, வெயில் பட்டால் அழிந்துபோவது என்று படத்துக்குப் படம் ஏதாவது ஒரு விதி வருகிறது. இவையெல்லாம் வாம்பயர் கதைகள் பிறந்த ஊர் மக்கள் உண்மையிலேயே நம்பியவையா, சினிமாக்காரர்கள் சேர்த்தவையா? அப்புறம், இந்த வேடத்தில் யாருடைய நடிப்பு சிறந்தது?

இரண்டுக்கும் தனித்தனியாகப் பதில் சொல்ல முடியும். ஆனால் இந்தப் படங்களைப் பல வருடமாகத் திரும்பத் திரும்பப் பார்த்ததில் எனக்கு இரண்டும் ஒரே கேள்வியாகத்தான் படுகிறது. "பூண்டு இருந்தால் அது கிட்டே வராது" என்று படத்தில் ஒரு டாக்டர் சொல்லிவிட்டுப் போனால் அது வெறும் தகவல். அதே நம்பிக்கையை ஒரு நடிகர் தன் உடம்பில் வாங்கிக் காட்டும்போது வயிற்றைப் பிசைகிறது. நல்ல வாம்பயர் படம் எது, சுமாரான படம் எது என்று பிரிக்க எனக்கு இந்த ஒரு அளவுகோல் போதும்.

முதலில் ஒரு சொல்லைப் பற்றி. டிராகுலாவை 'ரத்தக் காட்டேரி' என்று சொல்லியே நமக்குப் பழக்கம். ஆனால் நம் கிராமங்களில் காட்டேரிக்குத் தனிக் கதை உண்டு. படையல் போட்டுக் கும்பிடுகிற குடும்பங்கள்கூட இருக்கின்றன. செத்துப் புதைத்த ஆளே குழியிலிருந்து எழுந்து வருவது வேறு சங்கதி. அதனால் வாம்பயர் என்றே எழுதுகிறேன். இதே குழப்பம் அந்தப் பக்கமும் நடந்திருக்கிறது. ரிச்சர்ட் பர்ட்டன் 1870இல் விக்கிரமாதித்தன் கதைகளை ஆங்கிலத்தில் வெளியிட்டபோது, தலைப்பிலேயே வேதாளத்தை வாம்பயர் ஆக்கிவிட்டார். அந்த வேதாளம் ராஜாவிடம் புதிர்தான் போட்டது, ரத்தம் கேட்கவில்லை.

சரி, மூலத்துக்குப் போவோம். 1718இல் வடக்கு செர்பியா ஆஸ்திரியப் பேரரசின் கைக்கு வந்தது. அதனால்தான் அந்தக் கிராமங்களில் நடந்தவை அதிகாரிகளின் காகிதத்தில் ஏறின. 1725இல் கிசிலியெவோ என்ற கிராமத்தில் பீட்டர் பிளாகொயெவிச் என்ற விவசாயி இறந்தார். புதைத்துச் சில வாரங்கள் கழித்து, எட்டே நாளில் ஒன்பது பேர் அந்த ஊரில் செத்துப்போனார்கள். ஒவ்வொருவரும் ஒரு நாள் படுத்தார்கள், முடிந்துவிட்டது. சாகும்போது அவர்கள் சொன்னது, பீட்டர் ராத்திரி வந்து மேலே ஏறிப் படுத்துக் கழுத்தை நெரித்தான் என்று. பீட்டரின் மனைவி சொன்னதுதான் என்னை விட்டுப் போகவே இல்லை: கணவன் வீட்டுக்கு வந்து தன் செருப்பைக் கேட்டானாம். அந்தப் பெண் ஊரையே காலி செய்துவிட்டு வேறு கிராமத்துக்குப் போய்விட்டாள்.

ஊர்க்காரர்கள் ஃப்ரோம்பால்ட் என்ற அதிகாரியிடம் போய் நின்றார்கள். பெல்கிரேடிலிருந்து அனுமதி வரட்டும் என்றார் அவர். அதுவரை ஊரில் யார் மிச்சமிருப்பார்கள், நீங்கள் வராவிட்டால் நாங்கள் ஊரை விட்டே போகிறோம் என்றார்கள் இவர்கள். கடைசியில் அவர் முன்னாலேயே குழி தோண்டப்பட்டது. உடல் கெடாமல் இருந்தது. தாடியும் நகமும் வளர்ந்திருந்தன. பழைய தோல் உரிந்து அடியில் புதுத்தோல் தெரிந்தது. வாயில் ரத்தம் இருந்தது. கழுமரம் போலக் கூர் சீவிய கட்டையை நெஞ்சில் இறக்கினார்கள், பிறகு எரித்தார்கள். அதிகாரி இதையெல்லாம் அறிக்கையாக எழுதி அனுப்ப, அது வியன்னா பத்திரிகையில் அச்சானது. ஏழு ஆண்டு கழித்து, 1732இல், மெத்வெஜா என்ற இன்னொரு செர்பிய கிராமத்தைப் பற்றி ராணுவ மருத்துவர் ஃப்ளூக்கிங்கர் எழுதிய அறிக்கை ஐரோப்பா முழுக்கப் பரவியது. வாம்பயர் என்ற சொல் லண்டன் பத்திரிகைகள் வரை போனது அப்போதுதான்.

அந்த மக்கள் பொய் சொல்லவில்லை. குழிக்குள் கண்டதைத்தான் சொன்னார்கள். பிணம் அழுகும்போது உள்ளே வாயு சேர்ந்து வயிறு உப்பும்; அந்த அழுத்தத்தில் ரத்தம் கலந்த நீர் வாய்க்கும் மூக்குக்கும் ஏறும். தோல் சுருங்கிப் பின்வாங்குவதால் நகமும் தாடியும் வளர்ந்த மாதிரி தெரியும். மேல்தோல் உரிந்தால் உள்ளே இருப்பது புதிதாகத் தோன்றும். கட்டையை இறக்கினால் வாயு வெளியேறி முனகல் சத்தமே கேட்கும். பால் பார்பர் என்ற ஆய்வாளர் 1988இல் வெளியிட்ட புத்தகத்தில் இதை வரிவரியாக விளக்கியிருக்கிறார். அடுத்தடுத்துச் சாவு விழுகிற ஊரில், நோய்க்கிருமி என்ற ஒன்றே தெரியாத காலத்தில், இதைப் பார்த்தவர்கள் வேறு என்ன முடிவுக்கு வந்திருக்க முடியும்?

அந்த ஊர் வாம்பயர் யார் என்று கவனியுங்கள். விவசாயி. வெளுத்து மெலிந்தவன் இல்லை. சிவந்து உப்பிப்போன உடம்பு. கோரைப்பல் கிடையாது. கோட்டை கிடையாது. தூரதேசத்திலிருந்து கப்பல் ஏறி வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரன், சில சமயம் சொந்தக் கணவன். அவன் தேடி வருவது தன் வீட்டாரையும் தெருக்காரர்களையும்தான். அந்தப் பயத்தின் அடியில் துக்கம் இருக்கிறது. புதைத்துவிட்டு வந்த ஆள் திரும்பி வந்து கதவைத் தட்டினால் திறப்பதா வேண்டாமா?

இந்த விவசாயியைப் பிரபுவாக மாற்றியவர்கள் எழுத்தாளர்கள். 1819இல் ஜான் பொலிடோரி எழுதிய கதையில் வாம்பயர் ஒரு ஆங்கிலச் சீமான். கவிஞர் பைரனை மனதில் வைத்து எழுதியது. கோரைப்பல்லைப் பரப்பியது 1840களில் லண்டனில் மலிவு விலைத் தொடராக வந்த 'வார்னி'. 1897இல் பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிட்டது. கண்ணாடியில் உருவம் தெரியாது என்பது ஸ்டோக்கர் சேர்த்தது. பூண்டு, கட்டை, தலையை வெட்டுவது, எரிப்பது எல்லாம் உண்மையாகவே ஊர் வழக்கத்தில் இருந்தவை. இன்றைய ருமேனியாவிலுள்ள வாலாச்சியாவை ஆண்ட மூன்றாம் விளாடு கதைக்கு வருகிறாரே என்று கேட்டால், 1890இல் விட்பி ஊர் நூலகத்தில் ஒரு வரலாற்றுப் புத்தகத்தைப் புரட்டும்போது ஸ்டோக்கருக்குக் கிடைத்தது பெரும்பாலும் 'டிராகுலா' என்ற பெயர்தான். விளாடையே வாம்பயராக்கிக் கதை முழுக்க ஓடவிட்டது 1992இல் வந்த கப்போலாவின் படம். எய்கோ இஷியோகா தைத்த உடைகளுக்காகவே நான் அதைப் பார்ப்பேன், ஆஸ்கரும் வாங்கின. கேரி ஓல்ட்மேனின் முதியவர் வேடம் அருமை, இளைஞனாக மாறியதும் பிடிப்பு போய்விடுகிறது.

வெயில்? இதைக் கேட்டால் பலருக்கும் ஆச்சரியமாக இருக்கும். ஸ்டோக்கரின் டிராகுலா பட்டப்பகலில் லண்டன் தெருவில் நடப்பான். பகலில் அவனுக்குச் சக்தி குறைவு, அவ்வளவுதான். அவன் சாவதும் கட்டையால் இல்லை, இரண்டு கத்திகளால். வெயில் பட்டு வாம்பயர் மறைந்துபோவது 1922இல் முர்னாவ் எடுத்த 'நோஸ்ஃபெராட்டு'வில் வந்த புதுசு. ஆனால் அந்தக் காட்சியை நன்றாகப் பாருங்கள்: வெளிச்சம் வருவதற்கு முன் சேவல் கூவுகிறது. மௌனப் படம்தான், ஆனாலும் சேவலைக் காட்டுகிறார்கள். சேவல் கூவினால் செத்தவர்கள் திரும்பிப்போக வேண்டும் என்பது ஐரோப்பாவில் மிகப் பழைய நம்பிக்கை. அந்தப் பழைய சேவலின் மேல் ஒரு புதுச் சாவை ஏற்றி வைத்தார்கள். அதுதான் நூறு வருடமாக எல்லோரும் ஊர் நம்பிக்கை என்று நினைத்துக்கொண்டிருக்கும் விதி.

அந்தப் படமே தப்பிப் பிழைத்ததுதான். நாவலுக்கு உரிமை வாங்காமல் எடுத்ததால் ஸ்டோக்கரின் மனைவி ஃப்ளாரன்ஸ் வழக்குப் போட்டார். பிரதிகளை அழிக்கச் சொல்லி 1925இல் தீர்ப்பும் வந்தது. வெளிநாட்டுக்குப் போயிருந்த பிரதிகள் மிஞ்சியதால்தான் இன்று நம்மால் மாக்ஸ் ஷ்ரெக்கைப் பார்க்க முடிகிறது.

ஷ்ரெக் நாடக நடிகர். ஓர்லாக் பிரபு என்ற வாம்பயராக அவர் திரையில் தோன்றுவது மொத்தமே சுமார் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தில் அவர் ஒரு மனிதனைப் போல ஒரு தடவைகூட நடக்கவில்லை. தோள்கள் தூக்கியபடி இருக்கும், கைகள் விலாவோடு ஒட்டியிருக்கும், கோட்டு ஒரு சவப்பெட்டி மாதிரி உடம்பைச் சுற்றி இறுகியிருக்கும். கப்பலின் அடித்தளத்தில் பெட்டியிலிருந்து எழும் காட்சியில் முழங்கால் மடங்காது, இடுப்பு வளையாது. பலகையை ஒரு முனையில் பிடித்து நிமிர்த்துவது போல மொத்த உடம்பும் விறைப்பாக எழும். பற்களும் நாய்ப்பல் மாதிரி ஓரத்தில் இல்லை. எலிக்கு இருப்பது போல முன்னால் இரண்டு. அவர் வந்து இறங்கும் ஊருக்குள் எலிகளும் கொள்ளைநோயும் கூடவே வருகின்றன. தெருவில் சவப்பெட்டிகள் வரிசையாகப் போகின்றன. பட்டம் பிரபு என்றாலும் இந்த ஓர்லாக் கிசிலியெவோவின் பிணத்துக்குத்தான் நெருங்கிய சொந்தம்: எட்டு நாளில் ஒன்பது சாவு விழுந்த ஊரின் பயம் இந்தப் படத்தில் அப்படியே இருக்கிறது.

பெலா லுகோசி அதற்கு நேர் எதிர்த் திசை. அவருடைய டிராகுலாவுக்குத் தாய்வீடு நாடக மேடை. ஸ்டோக்கரே லண்டன் லைசியம் தியேட்டரில், ஹென்றி இர்விங் என்ற பெரும் நடிகருக்கு 1878 முதல் மேலாளராக இருந்தவர். இர்விங்கின் கம்பீரத்தைத் தினமும் மேடையோரத்தில் நின்று பார்த்த மனிதர் எழுதிய நாவல் அது. 1924இல் ஹாமில்டன் டீன் அதை நாடகமாக்கியபோது, மாலைநேர விருந்துக்குப் போகிற உடையையும் உயரமான காலர் வைத்த மேலங்கியையும் டிராகுலாவுக்குப் போட்டுவிட்டார். அந்தக் காலருக்கு ஒரு வேலை இருந்தது. நடிகர் முதுகைக் காட்டி நின்றால் தலை மறைந்துவிடும். அங்கியை மட்டும் மற்றவர்கள் பிடித்தபடி இருக்க, ஆள் மேடையில் உள்ள பொறிக்கதவு வழியாகக் கீழே இறங்கிவிடுவார். பார்ப்பவர்களுக்கு ஆள் காற்றில் கரைந்த மாதிரி இருக்கும். இன்று பள்ளிக்கூட மாறுவேடப் போட்டி வரைக்கும் வந்துவிட்ட அந்தக் காலர், மேடைத் தந்திரம் ஒன்றின் மிச்சம்.

லுகோசி 1927இல் நியூயார்க்கின் பிராட்வே நாடக மேடையில் இந்த வேடம் போட்டார், 1931இல் டாட் பிரவுனிங்கின் படத்தில் நடித்தார். ஹங்கேரியக்காரர், ஆங்கிலம் அப்போது அவருக்குச் சரளம் கிடையாது. அது குறையாகப் போகாமல் வேடத்துக்குப் பலமானது. ஒவ்வொரு சொல்லையும் தனியாக எடுத்து, எடை பார்த்து வைக்கிறார். பேச்சு என்பதையே மறந்து எத்தனையோ வருடம் ஆன ஒருவர் மறுபடி பேசிப் பார்ப்பது போலக் கேட்கிறது. அந்தப் படத்தில் கோரைப்பல்லைக் காட்டவே இல்லை என்பது பலருக்கு நினைவிருக்காது. எல்லாம் குரல், கை விரல், கண். ஒளிப்பதிவாளர் கார்ல் ஃப்ராய்ண்ட் அந்தக் கண்கள் மேல் மட்டும் சின்ன விளக்கொளி விழுகிற மாதிரி வைத்தார். மாடிப்படியில் பெரிய சிலந்தி வலை. லுகோசி அதைக் கடந்து போன பிறகும் வலை அறுபடாமல் இருக்கும். பின்னால் வருகிற மனிதன் கையிலிருக்கும் கோலால் அதைக் கிழித்துத்தான் வர முடியும். ஒரு வசனம் இல்லாமல் இவன் உடம்புள்ளவனா என்ற கேள்வி நமக்குள் வந்துவிடுகிறது. அதன் பிறகு பாதிப் படம் வரவேற்பறையில் பேச்சாகவே போகிறது, அது உண்மை. அதே செட்டில், ராத்திரி வேளைகளில், வேறு நடிகர்களை வைத்து ஸ்பானிய மொழியிலும் ஒரு டிராகுலா எடுத்தார்கள். அதில் கேமரா நன்றாக நகர்கிறது, ஆனால் நடுவில் லுகோசி இல்லை. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் நடிப்பு என்பது ஒரு படத்தில் எவ்வளவு சுமக்கிறது என்று தெரியும்.

கிறிஸ்டோபர் லீ 1958இல் இன்னொரு 'டிராகுலா' படத்தில் வந்தார். ஆறடி ஐந்து அங்குல உயரம். படியிலிருந்து விறுவிறுவென்று இறங்கி, மரியாதையாக விருந்தாளியை வரவேற்கிறார். சில காட்சி கழித்துக் கதவு உடைவது போலத் திறந்து, ரத்தம் வழியும் வாயும் சிவந்த கண்களுமாக அதே ஆள். ஆரம்பத்தில் பேசும் சில வரிகளுக்குப் பிறகு படம் முழுக்க அவருக்கு வசனமே கிடையாது. பேச்சு போனதும் மனிதத்தனமும் போய்விடுகிறது, மிச்சம் இருப்பது பசி. எதிரில் வாம்பயரை வேட்டையாடும் டாக்டராகப் பீட்டர் குஷிங். முடிவில் அவர் மேஜை மேல் ஓடித் தாவித் திரைச்சீலையைக் கிழித்து வெயிலை உள்ளே விடுகிறார், இரண்டு மெழுகுவர்த்தித் தண்டுகளைக் குறுக்காகப் பிடித்துச் சிலுவையாக்குகிறார். அந்த யோசனையே குஷிங் கொடுத்ததுதான். சிலுவை இங்கே பூஜைப் பொருளாக வரவில்லை. உயிருக்குப் போராடும் ஒருவன் கையில் கிடைத்ததை வைத்து உண்டாக்கியது. அதனால்தான் அது வேலை செய்கிறது.

இப்போது நான் எல்லோரையும் பார்க்கச் சொல்லும் காட்சிக்கு வருகிறேன். டென்மார்க்கின் கார்ல் டிரேயர் எடுத்து 1932இல் வெளியான 'வாம்பிர்'. நடித்தவர்களில் பெரும்பாலோர் நடிகர்களே அல்ல. கதாநாயகன் வேடம் போட்டவர் படத்துக்குப் பணம் கொடுத்தவர். தொழில்முறை நடிகை சிபில்லே ஷ்மிட்ஸ் அதில் லியோன் என்ற பெண்ணாக வருகிறார். வாம்பயர் கடித்த பெண். ஜுரத்தில் படுத்தவள் போலச் சோர்ந்து கிடக்கிறாள், தான் அழிந்துவிட்டோம் என்று அழுகிறாள். பிறகு முகம் மெல்ல நிமிர்கிறது. அழுகை எங்கே முடிந்தது என்று தெரியாது. உதடு கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்கு இழுபட்டு, பல் தெரிகிறது. சிரிப்பா என்று பார்த்தால் சிரிப்பு இல்லை. கண்கள் மட்டும் அறையில் எதையோ தொடர்ந்து நகர்கின்றன. அவள் பார்த்துக்கொண்டிருப்பது தன் தங்கையை.

ஒப்பனை மாற்றம் இல்லை, பொய்ப்பல் இல்லை, தந்திரக் காட்சி இல்லை. ஒரே முகம். அக்கா தங்கையைப் பசியோடு பார்க்கிறாள், அவ்வளவுதான் நடக்கிறது. வாம்பயர் முதலில் தேடி வருவது தன் வீட்டாரைத்தான் என்று செர்பிய விவசாயிகள் சொன்னார்களே, அந்த நம்பிக்கையை ஒரு நடிகை ஒரு நிமிடத்துக்குள் கண்ணாலேயே சொல்லி முடிக்கிறார். யார் நடிப்பு சிறந்தது என்று கேட்டதற்கு என் பதில் இதுதான். லுகோசியும் ஷ்ரெக்கும் இவருக்குப் பிறகுதான்.

இதற்குப் பக்கத்தில் வைக்கக்கூடியது 2008இல் வந்த ஸ்வீடன் படம் 'லெட் தி ரைட் ஒன் இன்'. 1980களின் தொடக்கத்தில், ஸ்டாக்ஹோம் புறநகரான பிளாக்கெபெரியில், பனி மூடிய அடுக்குமாடிக் குடியிருப்பு. பள்ளியில் அடிவாங்கும் ஆஸ்கர் என்ற பையனும், பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த ஏலியும். பன்னிரண்டு வயதில் ரொம்ப காலமாக நின்றுபோனவள் ஏலி. நடித்தவர் லினா லியாண்டர்சன் என்ற சிறுமி. குரலை மட்டும் வேறொருவரை வைத்துப் பேச வைத்தார்கள். அந்தச் சின்ன முகத்திலிருந்து சற்றுக் கனத்த குரல் வரும்போது வயது குழம்பிவிடுகிறது.

அழைக்காமல் வாம்பயர் வீட்டுக்குள் வராது என்ற விதி ஸ்டோக்கர் நாவலிலேயே உண்டு. எத்தனையோ படங்களில் அதை வசனமாகக் கேட்டிருக்கிறோம். அழைக்காமல் வந்தால் என்ன ஆகும் என்று அந்தப் படங்கள் காட்டியதில்லை. இங்கே ஆஸ்கர், கொஞ்சம் சீண்டும் குணத்தோடு, வாசலில் நிற்கும் ஏலியிடம் அதையே கேட்கிறான். கையை ஆட்டி, வா பார்க்கலாம் என்கிறான், ஆனால் வாயால் அழைக்கவில்லை. அவள் உள்ளே வருகிறாள். சில நொடி சும்மா நிற்கிறாள். உடம்பு நடுங்கத் தொடங்குகிறது. முதுகில் சட்டை சிவக்கிறது, தலைமுடிக்குள்ளிருந்து, காதிலிருந்து, கண்ணிலிருந்து ரத்தம் வருகிறது. அவள் கத்தவில்லை. அவனையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். பையன் பதறி, வரலாம், நீ வரலாம் என்று கத்திக்கொண்டே ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறான். ஒரு விதி இரண்டு பேருக்கு நடுவிலுள்ள நம்பிக்கையாக மாறுவதை நான் வேறெந்தத் திகில் படத்திலும் இப்படிப் பார்த்ததில்லை.

அதே வாசலை ரயன் கூக்லர் 2025இல் 'சின்னர்ஸ்' படத்தில் வேறு விதமாக எடுத்துக்கொண்டார். 1932, மிசிசிப்பி, கறுப்பினத்தார் ஒரு பழைய ஆலையில் தங்களுக்கென்று இசை மன்றம் தொடங்கும் முதல் இரவு. வெளியே வாம்பயர்கள். நடுவில் அவர்களிடம் சிக்கி மாறிவிட்ட காவல்காரர், இவர்களுடைய சொந்த நண்பர், கதவருகே வந்து உள்ளே விடுங்கள் என்று சகஜமாகப் பேசுகிறார். உள்ளே வர எங்கள் அனுமதி உனக்கு எதற்கு என்று ஆனி கேட்கிறாள். ஹூடூ என்ற கறுப்பின மக்களின் நாட்டு மந்திர வழக்கங்கள் தெரிந்த பெண் அவள். உன்மி மொசாக்கு அந்த வேடத்தில் சத்தமே போடாமல் நடிக்கிறார். கையில் புத்தகம் வைத்துக்கொண்டு விளக்கும் ஐரோப்பிய டாக்டரின் இடத்தில், பாட்டன் பூட்டன் சொன்னதை நினைவில் வைத்திருக்கும் ஒரு பெண். பூண்டை ஒவ்வொருவரும் கடித்துக் காட்ட வேண்டும் என்ற சோதனை வரும்போது, மேஜையைச் சுற்றி நிற்பவர்கள் ஒருவரை ஒருவர் பார்ப்பதில்தான் பயம் இருக்கிறது. மைக்கேல் பி. ஜோர்டனின் இரட்டை வேடத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். என் மனதில் நிற்பது கதவருகே நின்று கெஞ்சும் அந்த நண்பனின் குரல். தெரிந்த ஆள் திரும்பி வந்து கதவைத் தட்டுகிறான். கிசிலியெவோவின் கேள்வி மூன்று நூற்றாண்டு கழித்து இன்னொரு கண்டத்தில்.

ராபர்ட் எகர்ஸ் 2024இல் எடுத்த 'நோஸ்ஃபெராட்டு' ஊர் வழக்கத்தை மிகக் கவனமாகப் படித்துச் செய்த படம். நிர்வாணமான ஒரு கன்னிப்பெண்ணைக் குதிரையில் ஏற்றிக் கல்லறையைத் தேடுகிறார்கள். கன்னியையும் குதிரையையும் வைத்து வாம்பயர் குழியைக் கண்டுபிடிப்பது அந்தப் பகுதிகளில் இருந்த பழைய வழக்கம். ஓர்லாக் அழுகிய பிணமாகவே இருக்கிறான், பெரிய மீசையோடு. மீசையைப் பார்த்துப் பலர் முகம் சுளித்தார்கள். ஸ்டோக்கரின் டிராகுலாவுக்கே நீண்ட வெள்ளை மீசை உண்டு. ரத்தம் குடிப்பதும் கழுத்தில் இல்லை, நெஞ்சில். பில் ஸ்கார்ஸ்கார்ட் ஓபரா பாடகியிடம் பயிற்சி எடுத்துக் குரலை அடியாழத்துக்கு இறக்கினார். அந்த உழைப்பை மதிக்கிறேன், ஆனால் சில இடங்களில் ஆளைவிடக் குரலைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறோம். நாயகியாக வரும் லில்லி ரோஸ் டெப் அப்படி இல்லை. ஜப்பானிய புட்டோ நடனப் பயிற்சியை வைத்து அவர் வலிப்புக் காட்சிகளைத் தன் உடம்பாலேயே செய்திருக்கிறார். ஓர்லாக் திரையில் இல்லாதபோதுகூட அவன் அறைக்குள் இருக்கிறான் என்று அந்த முதுகு வளைவதில் தெரிகிறது.

ஆசியப் பக்கம் ஒரு பார்வை. 1985இல் ஹாங்காங்கில் வந்த 'மிஸ்டர் வாம்பயர்' சிரிப்புப் படம்தான், ஆனால் சீன நம்பிக்கையை அத்தனை அன்போடு கையாள்கிறது. செத்த உடம்பு விறைத்துப்போகும், அதனால் நடக்க முடியாது, கையை நீட்டிக்கொண்டு குதித்துத்தான் வரும். நெற்றியில் மந்திரம் எழுதிய மஞ்சள் தாள் ஒட்டினால் நின்றுவிடும். மூச்சை அடக்கினால் அதற்கு நம்மைத் தெரியாது. கடிபட்டவருக்கு மருந்து பசை அரிசி. கடைக்காரன் அந்த அரிசியில் சாதா அரிசியைக் கலந்து விற்றுவிடுவதுதான் கதையில் வரும் பெரிய ஆபத்து. பூசாரியாக வரும் லாம் சிங் யிங், பீக்கிங் ஓபராவில் பயின்றவர். சுற்றி எல்லோரும் சிரிப்பு மூட்டும்போது அவர் மட்டும் ஒரு நொடிகூடத் தன் தொழிலைக் கேலியாக எடுத்துக்கொள்வதில்லை. அதனால் நாமும் நம்புகிறோம். மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர்களுக்குப் பொந்தியானாக் தெரிந்திருக்கும், பிரசவத்தில் இறந்த பெண்ணின் ஆவி. அதை 1957இல் படமாக்கிய இயக்குநர் பி. என். ராவ் இந்தியாவிலிருந்து போனவர். நடித்தவர் மரியா மெனாடோ. அந்தப் பிரதி இன்று இல்லை என்பது பெரிய இழப்பு.

ஊர் நம்பிக்கையை அதன் சொந்த மண்ணிலேயே பார்க்க வேண்டுமென்றால் ஒரு படம் சொல்கிறேன். 1973இல் பெல்கிரேட் தொலைக்காட்சிக்காக ஜோர்ஜே கடியெவிச் எடுத்த 'லெப்திரித்சா'. பெயருக்குப் பட்டாம்பூச்சி என்று பொருள். மிலோவான் கிளிஷிச் 1880இல் எழுதிய கதையைத் தழுவியது. ஆற்றோரம் ஒரு மாவு ஆலை. அங்கே ராத்திரி தங்கும் ஆள் காலையில் பிணம். ஊருக்கு மாவு இல்லை. கோட்டையும் பிரபுவும் எங்கேயும் கிடையாது. ரொட்டிக்கு வழியில்லாமல் தவிக்கும் விவசாயிகள், பாதிரியார், ஒரு ஏழை இளைஞன், அவன் விரும்பும் ராதோய்கா என்ற பெண். சாவா சவனோவிச் என்ற பழைய வாம்பயரின் குழியைத் தேடிப்பிடித்து, சவப்பெட்டியில் கட்டையை இறக்குகிறார்கள். உள்ளிருந்து ஒரு பட்டாம்பூச்சி பறந்து போய்விடுகிறது. வாம்பயரின் உயிர் பட்டாம்பூச்சியாக வெளியேறும் என்பது அங்கே உண்மையாக இருந்த நம்பிக்கை. அதைப் பிடிக்காவிட்டால் வேலை பாதிதான் முடிந்தது. கல்யாணத்துக்கு முந்தைய இரவு, தூங்கும் ராதோய்காவின் நெஞ்சில் கட்டை இறங்கிய காயத்தை மாப்பிள்ளை பார்க்கிறான். மிர்யானா நிகோலிச் அதுவரை அந்தப் பெண்ணை எவ்வளவு அமைதியாக நடித்திருக்கிறார் என்பது அந்த நொடியில்தான் உறைக்கிறது. விவசாயிகளாக வருபவர்கள் பேசுவதும் சண்டை போடுவதும் நம் டீக்கடை பெஞ்சில் நடப்பது போலவே இருக்கும்.

ராத்திரியில், நல்ல ஹெட்ஃபோன் போட்டுப் பாருங்கள். இசையைவிட அந்த ஆலைக்கு வெளியே கேட்கும் பறவைக் குரல்தான் அந்தப் படத்தின் வாம்பயர். சாவா சவனோவிச்சின் ஆலை என்று சொல்லப்படும் கட்டடம் மேற்கு செர்பியாவில் சரோழியே கிராமத்தில் உண்மையாகவே இருந்தது. 2012இல் அது இடிந்து விழுந்தபோது, இருக்க இடமில்லாமல் இனி அவன் ஊருக்குள் வருவான் என்று பேச்சு கிளம்பி, வாசலில் பூண்டு தொங்கவிடச் சொன்னதாகச் செய்திகள் வந்தன.